பார்த்தது ஒருத்தி, கையெழுத்து இன்னொருத்தி

புத்தூர், திருச்சி
4 பிப்ரவரி 2024, ஞாயிறு

அன்புள்ள ஹம்ஸா,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். டோமினிக் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். போன சனிக்கிழமை வீட்டுக்கே வந்தேன். உன் அம்மா கதவைப் பாதி திறந்து, "ஹ்ருஷி ஆத்துல இல்லையேம்மா" என்றார். உன் செருப்பு அவர் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. திரும்பி ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். புத்தூருக்கும் உங்கள் வீதிக்கும் எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குப் போய்த் தபால்தலை வாங்கி ஒட்டுகிறேன் பார், என் நிலைமையை.

அற்புதசாமி சார் ஓய்வு பெற்றதும் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் வேலைக்கு நாம் இருவரும்தான் விண்ணப்பித்தோம். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் முகம் சுளிக்கக் கூடாது என்று பேசிவைத்திருந்தோம். சொன்னது நீதான். எனக்குக் கிடைத்தது. நீ மூன்றாம் நாள் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாய். அந்தப் பார்வை இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

நேர்காணலில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னது வேறு யாராக இருக்கும், பெலிண்டாவாகத்தான் இருக்கும். அவள்தானே உள்ளே காபி எடுத்துக்கொண்டு வந்தாள். சரி, நானே சொல்கிறேன். ஜி.எம். சவரிநாதன் சார் கேட்டார்: "ஹம்ஸாவுக்கு எக்ஸ்ரே ஃபிலிம் பார்க்கிற பழக்கம் இப்ப இருக்காம்மா?" நான், "பதினாலு மாசமா டாக்குமென்ட்ஸ் ரூம்லதானே சார் இருக்காங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய் இல்லை. நீ அந்த ரூமில்தான் இருந்தாய்.

இதை எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பொய் இல்லை என்று எழுதினேனே, அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஒரு தடவை நேரில் வா. நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
ஃபெமினா


கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
12 பிப்ரவரி 2024

திருமதி ஃபெமினா டோமினிக் அவர்களுக்கு,

உறையின் மேல் 'செல்வி ஹம்ஸா' என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரர் வாசலில் நின்று, "இப்படி யாராச்சும் இருக்காங்களா சாமி?" என்று கேட்டார். அப்பா, "இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அம்மாதான் தெருக்கோடி வரை ஓடிப்போய் வாங்கி வந்தாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தாளிலும் இது இல்லை. ஒரு தாளிலாவது இருக்கட்டும்.

பன்னிரண்டு வருஷம் அந்த ஃபேக்டரியில் ஹ்ருஷிகேஷ் என்ற பெயரில் வேலை பார்த்தேன். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது என் வேலை. இருக்கிறது என்று நான் சொன்னால் வெட்டி எடுத்து மறுபடி ஒட்டுவார்கள். இல்லை என்று சொன்னால் அந்தக் குழாயில் நீராவி ஓடும், பக்கத்தில் மனிதர்கள் நிற்பார்கள்.

2022 அக்டோபரில் கலெக்டர் ஆபீஸ் கொடுத்த திருநங்கை அடையாள அட்டையோடு, புடவை கட்டிக்கொண்டு, ஹம்ஸாவாக வந்தேன். சவரிநாதன் சார் கேக் வெட்டினார். போட்டோ எடுத்தார்கள். அன்று மத்தியானமே கூப்பிட்டு, "இனிமே நீங்க டாக்குமென்ட்ஸ் ரூமுக்குப் போயிடுங்கம்மா. லேடீஸை ரேடியோகிராஃபி பக்கம் விடறதில்ல, நம்ம வழக்கம்" என்றார். அந்த ஃபேக்டரியில் என்னை முதன்முதலில் அம்மா என்று கூப்பிட்டவர் அவர்தான். கூப்பிட்ட வாயாலேயே என் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்.

அதே மாதம் என்னோடு ஃபிலிம் பார்த்துக்கொண்டிருந்த ஹாலித் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். ஃபிலிம்கள் டாக்குமென்ட்ஸ் ரூமுக்கே வர ஆரம்பித்தன. ஃபிலிம் பார்ப்பதற்கான என் சான்றிதழ் பழைய பெயரில் இருந்ததால் நான் கையெழுத்துப் போடக் கூடாது, பெயர் மாறி வரட்டும் என்றார்கள். மிச்சம் சான்றிதழ் வைத்திருந்தது நீங்கள் மட்டும். பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருந்தீர்கள், ஆனால் ஒரு நாள்கூட விளக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்ததில்லை. முதல் ஃபிலிமை உறையிலிருந்து எடுத்துவிட்டு நீ என்னைப் பார்த்தாய். நான், "கொடு" என்றேன்.

அப்புறம் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் பார்த்தேன், நீ எழுதினாய், உன் கையெழுத்துப் போட்டாய். ஆயிரத்து நூற்று நாற்பது ஃபிலிம். தப்பு என்று ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்தக் கணக்கைக் காட்டித்தான் உனக்கு நாற்காலி கொடுத்தார்கள்.

'நீங்கள்' என்று ஆரம்பித்து 'நீ' என்று வந்துவிட்டேன். போகட்டும், திருத்தப்போவதில்லை.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். ஜாம்நகரில் ஒரு பரிசோதனை நிறுவனம் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. ஹம்ஸாவாகவே. பெயர் விஷயத்தில் கலெக்டர் அட்டை போதும் என்கிறார்கள். ஆனால் ஃபிலிம் பார்ப்பவர் தொடர்ந்து ஒரு வருஷம் ஃபிலிமைத் தொடாவிட்டால் சான்றிதழ் செல்லாது. உங்கள் ஃபைல்படி நான் தொட்டுப் பதினாறு மாதம். அதனால் நீ எழுத வேண்டியது ஒரே ஒரு வரி: 2022 அக்டோபர் முதல் 2023 டிசம்பர் வரை இந்த ஃபிலிம்களைப் பார்த்து முடிவு சொன்னது ஹம்ஸா. கீழே மேலாளரின் கையெழுத்து. ஏப்ரல் பதினைந்துக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்த வரி போதும்.

ஹம்ஸா


புத்தூர்
28 பிப்ரவரி 2024

அன்புள்ள ஹம்ஸா,

ஒரே ஒரு வரி என்று எழுதிவிட்டாய். அந்த வரியை நான் எழுதினால் என்ன ஆகும் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பார்க்காத ஃபிலிமைப் பார்த்ததாக ஆயிரத்து நூற்று நாற்பது தடவை கையெழுத்துப் போட்டவள் நான் என்று ஆகும். வாடிக்கையாளர்கள் எல்லா ரிப்போர்ட்டையும் திறப்பார்கள். என் சான்றிதழ் போகும், வேலை போகும், கேஸ் வந்தாலும் வரும். ஒரு வரிதான். என் தலையில் விழுகிற வரி.

இரு, கோபப்படாதே. இன்றைக்கு நான் கொஞ்சம் பேசிவிடுகிறேன். எழுதாவிட்டால் மூச்சு முட்டும்.

2013-இல் நான் சேர்ந்தபோதே ரேடியோகிராஃபிதான் கேட்டேன். "கல்யாணம் ஆகாத பொண்ணு, அந்தப் பக்கம் எதுக்கும்மா" என்றார்கள். கல்யாணம் ஆனது. "குழந்தை பெத்துக்கணும், ஜாக்கிரதையா இருங்க" என்றார்கள். பெற்றேன். "கைக்குழந்தைக்காரி, லேட்டாகும்" என்றார்கள். ஜோஸ்வினுக்கு ஏழு மாதம் இருக்கும்போது சென்னைக்குப் போய் அந்தப் பரீட்சையை எழுதினேன். என் அம்மா அக்னஸ் அவளை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, முந்தானையால் மூடிக்கொண்டு எழுதினேன். பாஸ் செய்து வந்தால் மறுபடி அதே டாக்குமென்ட்ஸ் ரூம், அதே பைண்டிங் மெஷின்.

இப்போது நேர்காணலில் என்னைக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ரெண்டாவது குழந்தை பிளான் ஏதாவது இருக்காம்மா?" இல்லை என்றேன். டோமினிக்கை ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லிவிட்டேன். அவர் நான்கு நாள் என்னோடு சாப்பிடவில்லை.

உனக்கு அந்தப் பன்னிரண்டு வருஷத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள் ஹம்ஸா. ஏன் கொடுத்தார்கள்? நீ ஆம்பளை என்று நினைத்ததால் கொடுத்தார்கள். அதை முழுசாக வாங்கிக்கொண்டு, அப்புறம் பெண்ணாக வந்து, ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் கிடைக்கிற நாற்காலிக்கும் நீயே வந்து நின்றாய். சவரிநாதன் சார் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் மனசில் இதுதான் ஓடியது. சொல்லிவிட்டேன். இதுதான் நிஜம். இதைவிட அசிங்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இன்னொன்று. நீ போன பிறகு ஃபிலிம்களை நானே பார்க்கிறேன். பயத்தில் கை வியர்த்து ஃபிலிம் ஒட்டிக்கொள்கிறது. ஒரு ஜாயின்ட்டில் என்னவோ தெரிகிறது, தெரிகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் பென்சிலால் வரைந்திருக்கிறேன். இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வேறு யாரைக் கேட்பது?

ஃபெமினா


ஸ்ரீரங்கம்
9 மார்ச் 2024

ஃபெமினா,

முதலில் ஃபிலிம். நீ வரைந்தது சரியாக இருந்தால், வெல்டின் ஓரத்தை ஒட்டி நேராக, மெல்லிசாக, கறுப்பாக ஒரு கோடு. அது நிழல் இல்லை, கீறலும் இல்லை. பக்கச் சுவரோடு உலோகம் ஒட்டவே இல்லை. வெட்டிச் சரி செய்யச் சொல். புரொடக்‌ஷன்காரர்கள் கத்துவார்கள், கத்தட்டும். அதற்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதே.

இப்போது உன் கேள்வி. அந்த வருஷங்களை எனக்குக் கொடுத்தார்கள் என்பது நிஜம். உனக்குக் கொடுக்கவில்லை என்பதும் நிஜம். உனக்குக் கொடுக்காதது நான் இல்லை. நீ கேட்க வேண்டியவர்களிடம் கேட்கவில்லை. அவர்கள் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்கிறாய்.

தட்டில் வைத்துக் கொடுத்ததை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று சொல்லட்டுமா? வெல்டர்கள் ஷிஃப்ட் முடிந்து சட்டையைக் கழற்றிப் போட்டுப் பேசுகிற பேச்சுக்கெல்லாம் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும். நடக்கும்போது காலை அகட்டி நடப்பேன். பன்னிரண்டு வருஷம் என் கை எங்கே போகிறது, இடுப்பு எப்படி அசைகிறது என்று கண்காணித்துக்கொண்டே வேலை பார்த்தேன். ஃபிலிம் கழுவுகிற இருட்டறையில் ஒரு சிவப்பு பல்பு இருக்குமே, அங்கே போனால் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும், வெளிச்சம் வரக் கூடாது. அங்கே இருக்கும் அரைமணி நேரம் என்னை யாரும் பார்க்க முடியாது. ஹம்ஸா என்று நானே என்னைக் கூப்பிட்டுக்கொள்வேன். இந்தப் பெயர் எனக்கு வந்தது அங்கேதான்.

நான் ஹம்ஸாவாக வந்த அன்று அந்த ரூமில் நீ எழுந்து வந்து என் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டு, "இந்த பின்னை இப்படிக் குத்தணும்பா" என்றாய். வேறு எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் உன்னிடம் 'கொடு' என்றேன். உனக்காக மட்டும் என்று நினைக்காதே. என் கண் துருப்பிடித்துவிடக் கூடாது என்ற சுயநலமும் இருந்தது. நானும் தப்பு செய்திருக்கிறேன். என் பெயர் இல்லாத தாளில் என் வேலையைப் போட்டேன். அதை எழுதிக் கொடுக்கவும் தயார். வேண்டுமானால் அந்த வரிக்குக் கீழே நானும் கையெழுத்துப் போடுகிறேன், இருவரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வோம்.

அப்பா என்னோடு பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறார், வருகிறார், தளிகை ஆனதும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறார். தெருவில் யாராவது கேட்டால் பையன் வடக்கே வேலையில் இருக்கிறான் என்கிறார். நான் பட்டப்பகலில் வாசலுக்கு வருவதில்லை. வக்கீல் ஒருத்தரைப் பார்த்தேன். கேஸ் ஜெயிக்கும், ஐந்து வருஷம் ஆகும் என்றார். ஐந்து வருஷம் இந்த வீட்டின் உள்ளறையில் நான் என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதை என் பெயரில் செய்யவிடு.

ஏப்ரல் பதினைந்து.

ஹம்ஸா


புத்தூர்
24 மார்ச் 2024, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள ஹம்ஸா,

நல்ல செய்தி. பூசை முடிந்து வந்து குருத்தோலையைக்கூட மாட்டாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒட்டவே இல்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அதைப் பற்றி மேலே எழுதவில்லை, நீ என்ன நினைப்பாய் என்று தெரியும்.

சவரிநாதன் சாரிடம் பேசினேன். அந்த வரியைப் பற்றி இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. உனக்கு ஒரு அனுபவச் சான்றிதழ் தேவைப்படுகிறது, ஃபிலிம் பார்த்ததாக, கடைசி நாள் வரை, என்று மட்டும் சொன்னேன். கம்பெனி வக்கீல் ஏற்கெனவே அவரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறாராம், பெண் ஆனதால் உன்னை ரூம் மாற்றியது பெரிய தப்பு என்று. "நீ ஹ்ருஷிகேஷ்னு போட்டே டைப் பண்ணும்மா" என்றார். "பதிமூணு வருஷம் வேலை பார்த்தார், கடைசி வரைக்கும் ஃபிலிம் பார்த்தார்னு எழுது. அந்த ஹம்ஸா விஷயம் ஃபைல்லயே வேண்டாம். யார் போய் எதோட ஒப்பிட்டுப் பார்க்கப் போறா?"

உனக்குத் தொடர்ச்சி கிடைத்துவிடும். என் தலையும் தப்பும். இரண்டும் ஒரே தாளில். சொல்லப்போனால், கேட்டதும் எனக்குக் கால் நடுங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு நிம்மதி.

பேர்தானே ஹம்ஸா. ஜாம்நகர் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள். பழைய பேரில் ஒரு தாள் இருந்தால் உன் உடம்பிலிருந்து என்ன குறைந்துவிடும்? இதோடு நகலை வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துச் சரி என்று ஒரு வார்த்தை எழுது. அசலில் நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

ஃபெமினா


ஸ்ரீரங்கம்
2 ஏப்ரல் 2024

ஃபெமினா,

உன் உறையை இந்தத் தடவை அப்பா பிரித்துவிட்டார்.

உள்ளே இருந்த நகலைப் படித்திருக்கிறார். திரு. ரா. ஹ்ருஷிகேஷ். அவர், அவருடைய, அவருக்கு. நான் கூடத்துக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ரங்கநாதன் ஒரு வழியைக் காட்டியிருக்கான்டா. இப்படியே இருந்துடேன். நான் உன்னை ஒண்ணும் கேக்கலை, இந்தக் காகிதத்தில் இருக்கிற மாதிரி இருந்துடு, போதும்." அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அதுதான் ஆசை.

நகலைப் பெருமாள் திருவடியில் வைத்திருக்கிறார். தினமும் திருவாராதனத்தின்போது அதற்கும் துளசி விழுகிறது. நீ அனுப்பிய தாளுக்கு.

பேர்தானே என்று எழுதியிருந்தாய். உன் ஆயிரத்து நூற்று நாற்பது ரிப்போர்ட்டிலும் இருப்பது உன் பேர்தானே. அதை எடுத்துவிட்டு என் பேரைப் போடச் சொன்னால் உனக்கு ஏன் கால் நடுங்குகிறது?

அந்தத் தாள்படி நான் என்று ஒருத்தி அந்த ஃபேக்டரிக்குள் வரவே இல்லை. உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதினாலு மாதம் வேலை பார்த்தது யார்? பூசை முடித்து வந்த கையோடு இதை நல்ல செய்தி என்று எழுத உன்னால் எப்படி முடிந்தது?

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதையும் இந்த வீட்டுக்கு அனுப்பாதே.

ஹம்ஸா


புத்தூர்
21 ஏப்ரல் 2024

ஹம்ஸா,

பதினைந்தாம் தேதி போய்விட்டது. நான் அனுப்பவில்லை. உனக்குத் தெரியும், இருந்தாலும் என் கையால் எழுதிவிடுகிறேன். நான் அனுப்பவில்லை.

அந்த வரியை டைப் செய்தேன். ஆறாம் தேதி, சனிக்கிழமை, எல்லோரும் போன பிறகு. மேலாளர் முத்திரை வைத்துக் கையெழுத்தும் போட்டேன். என் ஹேண்ட்பேக்கில் ஒரு வாரம் இருந்தது. பர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். இரண்டு தடவை தலைமைத் தபால் நிலையம் வரை போனேன். ஸ்பீடு போஸ்ட் வரிசையில்கூட நின்றேன். எனக்கு முன்னால் மூன்றே பேர் இருந்தார்கள்.

பன்னிரண்டாம் தேதி வாடிக்கையாளரின் ஆய்வு. வந்தவர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, எல்லோருக்கும் முன்னால், "திருச்சி யூனிட்ல முதல் லேடி குவாலிட்டி ஹெட். போன டிசம்பர் வரைக்கும் பதினாலு மாச ரிப்போர்ட்ல தப்புன்னு ஒண்ணுகூட திரும்பி வரல. நீங்க எங்க டிரெய்னிங் எடுத்தீங்க மேடம்?" என்று கேட்டார். உன் பெயர் வாய்வரை வந்தது. "இங்கேயேதான் சார், கத்துக்கிட்டேன்" என்றேன். கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் அந்தத் தாளை நான்காகக் கிழித்து டாக்குமென்ட்ஸ் ரூமின் காகிதம் கிழிக்கிற மெஷினில் போட்டேன். நான் கோழை. டோமினிக்குக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, உனக்கு மட்டும் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. சொன்னால் போய்ச் சரி செய் என்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும். நேற்று பெலிண்டா என் கேபினுக்கு வந்தாள். காபி எடுத்துவந்து நேர்காணலில் என் பேச்சைக் கேட்ட அதே பெலிண்டா. பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டாளாம். "மேடம், நானும் உங்க பக்கத்துல உட்கார்ந்து ஃபிலிம் பார்க்கக் கத்துக்கட்டுமா?" என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவளுக்கு இரண்டு நாளில் தெரிந்துவிடும். நான், "உனக்கு இப்பதானே கல்யாணம் ஆச்சு, பார்க்கலாம்" என்றேன். பதினோரு வருஷம் இந்த வார்த்தையைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள், "சரி மேடம்" என்று போய்விட்டாள்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். நீ எங்கேயாவது நன்றாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. அதுகூட என் நிம்மதிக்காகத்தான் கேட்கிறேன், தெரிகிறது.

ஃபெமினா


ஸ்ரீரங்கம்
10.06.2024

அனுப்புநர்:
ரா. ஹ்ருஷிகேஷ்,
த/பெ. ராஜகோபாலன்,
கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
மேலாளர், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு,
துவாக்குடி தொழிற்பேட்டை, திருச்சி.

பொருள்: பணி அனுபவச் சான்றிதழ் வேண்டுதல்.

அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் 2010 செப்டம்பர் முதல் 2023 டிசம்பர் வரை பணிபுரிந்தேன். 24.03.2024 அன்று தாங்கள் அனுப்பிய நகலில் உள்ளபடியே எனக்குச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் திருத்தம் எதுவும் தேவையில்லை.

வெளிமாநிலத்தில் குழாய் பதிக்கும் தளம் ஒன்றில் ஃபிலிம் பார்க்கும் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்துள்ளனர். அங்கு ஆண்களுக்கு மட்டுமே தங்குமிடம் உண்டு. ஆகவே பெயருக்கு முன்னால் 'திரு.' என்று இருப்பது அவசியம்.

ஹம்ஸா என்ற பெயரில் அலுவலகக் கோப்பில் உள்ள தாள்களை நீக்கிவிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்பெயரில் இனி யாரும் தங்களைத் தொடர்புகொள்ள மாட்டார்கள்.

19.06.2024 புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு என் தந்தையாருடன் வந்து பெற்றுக்கொள்கிறேன். தாங்கள் இறங்கி வரத் தேவையில்லை. வாயிற்காவலரிடம் கொடுத்துவைத்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ரா. ஹ்ருஷிகேஷ்